சுங்கை சிப்புட் பட்டறையின் வளைந்த இருக்கை: வாங்கலாம், ஆனால் பின்தாளைக் கேட்டு வாங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டியிருக்கும் இந்த மரப் பட்டறை, கார் ஓட்டும் ஆர்கேட் விளையாட்டு மெஷின்களுக்கு வளைந்த இருக்கை செய்து தருகிறது. பலகையை வளைக்கும் வேலை முதல் தரம். அதன்மேல் ஃபார்மிக்கா ஒட்டும் வேலையில்தான் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

1.5 மில்லிமீட்டர் மரத்தாள் 9 அடுக்கைப் பசை தடவி, அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிறார்கள். சுமார் 13 மில்லிமீட்டர் கனம் வருகிறது. மலிவு வேலைக்காரர்கள் சாதாரண பிளைவுட்டின் முதுகில் ரம்பத்தால் கீறல் போட்டு வளைத்துவிடுவார்கள். ஆள் முதுகைச் சாய்த்து பிரேக்கை மிதிக்கும்போது பாரம் முழுவதும் கீறலுக்கு மேல் மிஞ்சிய மெல்லிய தோலில் இறங்கும், அங்கேயே முறியும். இங்கே அந்தக் குறுக்கு வழி கிடையாது.

மரத்தாளில் ஈரம் 6 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் அது தானாக 14 வரை ஏறிவிடும். 100 பாகைக்கு மேல் சூடேறும் அச்சில் அந்த ஈரம் நீராவியாகி, அழுத்தத்தை விட்டதும் அடுக்கைப் பிளந்துவிடும். இவர்கள் உலர்ந்த தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, ஈரமானியால் பார்த்த பிறகே பசையைத் தொடுகிறார்கள். யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம். பசை கூடினாலும் கெடுதல்தான், பசையிலுள்ள தண்ணீரும் ஈரம்தானே.

மனம்விட்டுப் பாராட்ட வேண்டியது அச்சை. இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 பாகை கோணம். உட்காரும் பகுதியைத் தரைமட்டமாக வைத்து அழுத்தினால், மேலிருந்து வரும் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் முதுகுப் பகுதிக்குக் கிடைக்கும். அங்கே அடுக்கு விட்டுப்போகும். இந்தப் பட்டறையில் அச்சைச் சாய்த்து, இரு பக்கமும் 40 பாகை சரிவாக வரும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் முக்கால் பங்கு அழுத்தம் சமமாகப் போகிறது. எடுத்த பலகை ஆறும்போது கோணம் ஓரிரு பாகை மாறும் என்பதால், இரவு முழுக்கச் சட்டத்தில் கட்டி வைக்கிறார்கள். அவசரம் என்று சொல்லி அந்த ஓர் இரவைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பிறகு போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது.

ஃபார்மிக்கா என்று நாம் பொதுவாகச் சொல்லும் லாமினேட்டில் வளைப்பதற்கென்றே தனி ரகம் உண்டு. 0.7 மில்லிமீட்டர் தாளைச் சுமார் 160 பாகைக்குச் சூடாக்கி வளைக்கிறார்கள். சூடு குறைந்தால் வெடிக்கும், மிஞ்சினால் கொப்புளிக்கும். வளைவதும் ஒரே திசையில்தான். ரேஸ் கார் இருக்கை மாதிரி நாலாபுறமும் குழிந்த வடிவம் வேண்டுமென்றால் ஃபைபர் கிளாஸ்தான் சரி. அதை இவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள், நல்ல பழக்கம்.

முதல் குறை, பின்பக்கம். மேலே லாமினேட், அடியில் வெறும் பலகை. ஏசி அறையிலிருந்து வெளியே போய்வரும்போது அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வேகமாக வாங்கி விடும், பலகை கோணிக்கொள்ளும். கேட்டால் அடிப்பக்கத்தை மூட ஒரு தாள், அதாவது பின்தாள், ஒட்டித் தருகிறார்கள், தனிக் காசு. அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது வளைவில் லாமினேட்டை ஒட்டும் பசை. இரு முகத்திலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சேர்த்தால் உள்ளே மாட்டிய ஆவி வளைவில் லாமினேட்டைத் தூக்கிவிடும். வாங்கும்போது 50 காசு நாணயத்தால் வளைவு நெடுகத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இருக்கையைத் திருப்பிக் கொடுங்கள். மாற்றித் தர மறுப்பதில்லை.

மரத் திருகு போடாமல், லாமினேட் ஒட்டுமுன்பே 8 மில்லிமீட்டர் டி-நட்டை, அதாவது போல்ட்டை முறுக்க மரை வெட்டிய உலோக நட்டை, மேலிருந்து அடித்துவிடுகிறார்கள். அதனால் ஆடி ஆடித் துளை பெருகாது. அளவைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் மெஷினின் அடிச்சட்டத்தையே கொண்டு போங்கள். பலகையை அதன்மேல் வைத்துத்தான் துளையைக் குறிக்கிறார்கள்.