பழைய அம்பாசடர் ஏசிக்குப் புது கேஸ்: ஏழு கோடை ஓட்டிய பிறகு

பாபநாசம் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கத்திரி வெயிலில் பத்து நிமிடம் நின்றால் போதும், வண்டி ஏசியின் லட்சணம் தெரிந்துவிடும். ஓடும்போது எந்த ஏசியும் ஒப்பேற்றிவிடும். நின்றால்தான் சாயம் வெளுக்கும். எங்கள் அம்பாசடரின் ஏசிக்கு கேஸ் மாற்றி ஏழு கோடை முடிந்துவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் அதே கேட்டில் நிற்கும்போது, மீன் தொட்டிக்குப் போடுகிற ஒயர் வைத்த தெர்மாமீட்டரை ஏசிக் காற்று வருகிற வாயில் செருகி, காட்டுகிற எண்ணை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் விலை 150 ரூபாய். இந்த ஏசிக்காக நான் அழுத காசில் உருப்படியானது அதுதான்.

வண்டி 1995 மாடல், 1800 ஐஎஸ்இசட், இசுசு பெட்ரோல் இன்ஜின். அப்பா வாங்கியது. அடுத்த வருடம் திருச்சியில் ஒரு கடையில் டேஷ்போர்டுக்கு அடியில் பெட்டி தொங்குகிற மாதிரி ஏசி மாட்டினார். அதில் ஓடியது ஆர்-12, அந்தக் காலத்து ஃப்ரியான். சித்திரை பிறந்தால் பஞ்சாங்கம் வாங்குவது போல கேஸ் ஏற்றுவதும் அப்பாவுக்கு ஒரு சடங்கு. கும்பகோணம் போவார், மெக்கானிக் சிலிண்டரை மாட்டுவார், அரை மணியில் வேலை முடியும், ஆவணி வரை குளிரும். ஏன் வருடா வருடம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதற்கு அது என்ன எரிபொருளா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான்.

கசிந்ததெல்லாம் வானத்துக்குத்தான் போனது. இந்த வகை கேஸில் இருக்கிற குளோரின் மேலே போய் ஓசோனை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியல்காரர்கள் 1974-லேயே எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு நோபல் கிடைத்தது 1995-இல், எங்கள் வண்டி வீட்டுக்கு வந்த அதே வருடம். ஓசோனை அரிக்கிற கேஸ்களை ஒழிக்க வந்த 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2003 முதல் புது ஏசிகளில் ஆர்-12 கூடாது என்றானது. 2010 பிறந்தபோது நம் மாதிரி நாடுகளிலும் கதை முடிந்தது. அதற்கப்புறம் கடைக்காரர்கள் கையிருப்பை நாட்டு மருந்து மாதிரி அளந்து அளந்து கொடுத்தார்கள். 2016 கோடையோடு எங்களுக்கு அதுவும் கிடைக்காமல் போனது.

2017-இல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடையில், "எல்லா வண்டிக்கும் இப்ப 134தான் சார், அடிச்சு விட்டுடலாம்" என்றார்கள். பழைய வால்வில் ஒரு அடாப்டரை மாட்டி, உள்ளே மிச்சமிருந்த ஆர்-12 மேலேயே, அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸை ஏற்றினார்கள். 1,800 ரூபாய். அன்று ஜில்லென்றுதான் இருந்தது. மூன்றாம் மாதம் அம்மியில் கல் அரைபடுகிற மாதிரி கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரிலிருந்து ஒரு சத்தம். 2018 ஏப்ரலில் திருவாரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கொரடாச்சேரி தாண்டியதும் ரப்பர் கருகுகிற வாடை. கம்ப்ரசர் இறுகிப் பிடித்துக்கொண்டு பெல்ட் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, ஏசிக்குத் தனி பெல்ட். வெட்டிப் போட்டுவிட்டு, பட்டுப்புடவையும் வியர்வையுமாகப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு என் மனைவி சொன்னதை எழுத முடியாது.

விஷயம் புரிந்தது தஞ்சாவூரில் ஏசி மெக்கானிக் ஒரு பாயிடம். அவர் முதல் நாள் கேஸைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டிக்குள் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயிலைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தார். கஷாயம் மாதிரி கறுத்த எண்ணெய், நூல் பிடித்தாற்போல இறங்கிக்கொண்டே இருந்தது. அரை டம்ளர் இருக்கும். "கம்ப்ரசருக்குள்ள இருக்க வேண்டியது சார். இங்க வந்து உக்காந்திருக்கு" என்றார்.

ஆர்-12-க்குப் போடுவது மினரல் ஆயில். அது அந்த கேஸோடு நன்றாகக் கலக்கும், குழாய் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பக் கம்ப்ரசருக்கே வந்துவிடும். ஆர்-134ஏ-வுக்கும் மினரல் ஆயிலுக்கும் ஒட்டாது. எண்ணெய் போகிற வழியில் தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டுபோய் அரைபடும். போதாததற்கு, இரண்டு கேஸும் கலந்தால் பிரஷர் தனித்தனியாக இருப்பதைவிட ஏறும். ஆக, "கேஸ் மாற்றுவது" என்று நாம் சொல்வதில் கேஸ் கால்வாசிதான். மிச்சமெல்லாம் எண்ணெய் சமாச்சாரம்.

நான்கு நாள் வேலை. கம்ப்ரசர் வேறு போட்டோம், ரீகண்டிஷன் செய்தது. இறுகிய கம்ப்ரசர் இரும்புத் தூளை ஊர் முழுக்கத் துப்பியிருக்கும் என்று காயில், குழாய் எல்லாவற்றையும் மருந்து விட்டுக் கழுவி நைட்ரஜனால் ஊதினார். டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிது. டிரையரில் இருக்கிற ஈரம் உறிஞ்சுகிற மணிகள் பழைய கேஸுக்கு வேறு, இதற்கு வேறு. குழாய் இணைப்புகளில் இருந்த கறுப்பு ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) எல்லாம் எடுத்துவிட்டுப் பச்சை நிறத்தில் வருபவற்றைப் போட்டார். ஆயில், எஸ்டர் வகை. புது வண்டிகளில் வருகிற பேக் (PAG) ஆயில் இருக்கிறதே, அதற்கு உள்ளே ஒட்டியிருக்கிற பழைய குளோரின் மிச்சம் ஆகாது, மினரல் ஆயில் மிச்சமும் ஒத்துக்கொள்ளாது. எஸ்டர் கொஞ்சம் அனுசரித்துப் போகும்.

அப்புறம் வேக்யூம், அதாவது உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. பல கடைகளில் இதைத்தான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பாய் முக்கால் மணி நேரம் பம்பை ஓடவிட்டு, நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தார். நம் டெல்டா காற்றில் பாதி தண்ணீர். இந்த எண்ணெயோ ஆவணி மாதத்து உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். உள்ளே ஈரம் நின்றால் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டையில் ஐஸ் கட்டி அடைக்கும். ஏசி குளிரும், நிற்கும், மறுபடி குளிரும். நாள்பட்டால் அமிலமாகி உள்ளேயே அரிக்கும்.

கேஸ் எவ்வளவு? கம்பெனியில் மாட்டிய ஏசி என்றால் பானட்டுக்கு அடியில் எடை ஒட்டியிருக்கும். எங்களுடையது கடையில் மாட்டியது, ஒன்றும் இல்லை. இதே மாதிரி கிட்டுக்கு ஆர்-12 காலத்தில் 800 கிராம் போட்டதாக பாயின் நோட்டில் இருந்தது. ஆர்-134ஏ அதில் 80 முதல் 90 சதவீதம் போதும். டப்பாவைத் தராசில் வைத்து, இன்ஜின் ஓட, பிரஷர் குறைந்த பக்கமான லோ சைடு வழியாக மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக 680 கிராம் ஏற்றினார். டிரையர் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் நுரை மறையும் வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். இந்த கேஸில் அளவு சரியாக இருந்தாலும் கொஞ்சம் நுரை தெரியலாம். அதை மறைக்கப் போனால் அதிகமாகிவிடும். பக்கத்தில் நின்ற பையன் கண்ணாடியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதட்டி அனுப்பினார். வெளியே 36 டிகிரி. பிரஷர் கேஜில் லோ சைடு 38 பிஎஸ்ஐ, பிரஷர் கூடின ஹை சைடு 245. வால்வுகளில் கழற்ற முடியாத மாதிரி புது அடாப்டர் மாட்டி, பானட்டுக்கு உள்ளே கேஸ் பெயர், எடை, தேதி எழுதி ஒட்டினார். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது.

மொத்தம் 19,400 ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல் கம்ப்ரசர். அந்த 1,800 ரூபாய் வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

முதல் கோடையில் தஞ்சாவூர் கும்பகோணம் சாலையில் அறுபதில் போகும்போது ஏசி வாயில் 9.5 டிகிரி. சொர்க்கம்! கேட்டில் பத்து நிமிடம் நின்றதும் 19. இன்ஜின் சூட்டு முள்ளும் ஏறியது. இந்த கேஸுக்கு ஆர்-12-ஐவிட ஹை சைடு பிரஷர் கூடுதலாக நிற்கும், அதனால் வண்டி முன்னால் நின்று சூட்டை வெளியே விடுகிற கண்டன்சர் அதிகச் சூட்டைக் கக்கியாக வேண்டும். எங்கள் கண்டன்சரோ பாம்பு வளைவதுபோல ஒரே குழாய் வளைந்து வளைந்து போகிற பழைய வகை. விசிறி இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது, ஐட்லிங்கில் சோம்பேறி. 2019 மாசியில் குழாய்கள் வரிசையாக இணையாக ஓடுகிற புது வகைக் கண்டன்சரையும், அதன் முன்னால் ஒரு எலெக்ட்ரிக் விசிறியையும் போட்டோம். கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கிற கிளட்ச் ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓடும்படி ரிலே. 7,800 ரூபாய். அந்த வருடம் அதே கேட்டில் 13 டிகிரி. பழைய வண்டிக்கு கேஸ் மாற்றப் போகிறவர்கள் இதை முதல் நாளே சேர்த்துச் செய்துவிடுங்கள். நான் செய்யாததற்குக் கஞ்சத்தனம்தான் காரணம்.

2020-இல் வண்டி எங்கே போனது. அந்த வருடப் பக்கம் கிட்டத்தட்ட காலி. பாய் சொல்லியிருந்தபடி வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வாசலில் நிறுத்தியே ஏசியை ஓடவிட்டேன். ஓடாமல் கிடந்தால் கம்ப்ரசர் முன்பக்க சீல் காய்ந்து கசியும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் இறங்கினால் காற்றெல்லாம் பதரும் வைக்கோல் தூசியும்தான். போதாக்குறைக்கு ரோட்டில் காய்கிற நெல்லை ஒட்டியே ஓட்ட வேண்டும். 2021 பங்குனியில் கேட்டில் 18 காட்டியது. கேஸ் போச்சு என்றே நினைத்தேன். கிரில்லைக் கழற்றினால் கண்டன்சர் முகத்தில் வைக்கோல் தூசி அடை மாதிரி அப்பியிருந்தது, இடையில் இரண்டு தட்டான்பூச்சி. உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் நீவினேன். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். மறுநாள் 13.5. செலவு பூஜ்யம். இப்போது பங்குனி பிறந்தால் இதுதான் எங்கள் வீட்டுச் சடங்கு.

அதே வருடம் கார்த்திகை மழையில் திடீரென்று குளிர்ச்சியே இல்லை. வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் எலிகள் வீட்டுப் பக்கம் வந்திருந்தன, எனக்கு அது உறைக்கவில்லை. வழியில் ஒரு கடையில் பானட்டைத் திறக்காமலேயே, "கேஸ் இல்ல சார், 2,500 ஆகும்" என்றார்கள். ஒருமுறை சுட்டுக்கொண்ட கை ஆயிற்றே, பாயிடம் போனேன். இன்ஜினை நிறுத்திவிட்டு கேஜை மாட்டினார். இரண்டு முள்ளும் 95-க்குப் பக்கத்தில் நின்றன. "30 டிகிரி வெயிலுக்கு இந்த கேஸ் இவ்வளவுதான் காட்டணும். உள்ள திரவமா கேஸ் இருக்கு. எவ்வளவு இருக்குன்னு இது சொல்லாது. ஆனா காலி இல்ல." அப்புறம் கிளட்ச் ஒயரைத் தூக்கிக் காட்டினார். பற்குறியோடு அறுந்து தொங்கியது. ஒயர் ஒட்ட 100 ரூபாய்.

கசிவே இல்லையா என்றால், இருந்தது. 2018-இல் ஹோஸ் பைப்புகளை மாற்றவில்லை. பழைய எண்ணெய் ஊறிய ரப்பர் தாங்கும் என்றார் பாய், மூன்று வருடம் தாங்கவும் செய்தது. 2022-இல் ஹை சைடு ஹோஸின் மடக்கில் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் தூசியும். சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி. ஆர்-134ஏ மூலக்கூறு சின்னது, சாதாரண ரப்பருக்குள் புகுந்து வரும். உள்ளே தனி உறை வைத்த ஹோஸாக மூன்றையும் மாற்றி, நுனிகளை நசுக்கிப் பூட்டி (கிரிம்ப்), மறுபடி வேக்யூம், மறுபடி 680 கிராம். 5,600 ரூபாய். ஏழு வருடத்தில் கேஸ் ஏற்றியது அந்த ஒரே முறை.

சில்லறை விஷயங்கள்: காயில் பெட்டியின் வடிகால் குழாய் அடைத்தால் முன்னால் உட்காருபவர் காலில் தண்ணீர் சொட்டும். என் மனைவி சொட்டிய பிறகு சொல்வார், நான் குழாயை ஊதுவேன். முன் கதவின் முக்கோணக் கண்ணாடி ரப்பரையும் கதவு ரப்பரையும் மாற்றியதில் உள்ளே குளிர் தங்குவது நன்றாகத் தெரிந்தது. மைலேஜ் ஏசி இல்லாமல் 9, போட்டால் ஏழரை.

நடுவில் சிலர், "எதுக்கு இவ்வளவு செலவு, எல்பிஜி கலந்த கேஸ் இருக்கு, பழைய ஆயிலோடயே ஓடும்" என்று ஆசை காட்டினார்கள். குளிர்ச்சி நன்றாகவே வரும், பொய் இல்லை. ஆனால் எங்கள் கூலிங் காயில் தொங்குவது முன்சீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேலே. அங்கே கசிந்தால் மூடிய வண்டிக்குள் சமையல் கேஸ். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆர்-134ஏ-வுக்கும் நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் சூடேற்றும். மாண்ட்ரீல் ஒப்பந்தத்துக்கு வந்த 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது, 2028-லிருந்து இந்த வகை கேஸ்களுக்குக் கடிவாளம். அதனால்தான் இப்போது ஒரு துளி எண்ணெய்ப் பசை தெரிந்தாலும் பாயிடம் போய் நிற்கிறேன். சென்ற வாரம் பார்த்தபோது கம்ப்ரசர் கிளட்ச்சைச் சுற்றி லேசாகப் பளபளத்தது. முன்பக்க சீல்தான். இன்னும் சொட்டவில்லை, கேட்டில் 13.5-தான் காட்டுகிறது. சம்பா அறுவடை முடியட்டும், கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் இழுத்துவைத்து சீலை மாற்றிக் கொள்ளலாம், கண்டன்சரையும் அன்றைக்கே கழுவிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். மாசி முதல் வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.