உப்பிப்போன முகமும் கரைக்கும் ஊசியும்: நாகர்கோவிலில் நான் சென்ற இரண்டு தோல் சிகிச்சை நிலையங்கள்

ஒட்டிய கன்னத்தையும் கண்ணடிக் குழியையும் நிரப்ப முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், போட்ட இடத்தைப் பாராட்டி எழுதுவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. நானும் சென்ற மார்ச் மாதம் நாகர்கோவிலில் ஊசி போட்ட பத்தாம் நாளே ஐந்து நட்சத்திரம் கொடுத்தவள்தான். ஏழு மாதம் கழித்து அந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுகிறேன். இரண்டு நிலையங்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் போதும்.

தக்கலை அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 47. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கேட்டு, மரச்சீனியையும் இரவுச் சோற்றையும் விட்டதில் ஒன்பது கிலோ குறைந்தது. குறைந்த எடை வயிற்றில் தெரிந்ததைவிட முகத்தில்தான் அதிகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்கடியில் பள்ளம் விழுந்து, மகன் திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கவே மனமில்லாமல் இருந்தது. முதல் நிலையத்தில் கன்னத்துக்குப் பக்கத்துக்கு ஒரு மில்லியாக இரண்டும், இரு கண்ணடிக் குழிகளுக்குமாக ஒரு மில்லியும், ஆக மூன்று மில்லி போட்டார்கள். மில்லிக்கு 28,000 ரூபாய். வலி குறைவு, கைத்திறன் நன்று, மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது, மே மாதத் திருமணப் படங்களில் நான் நன்றாகவே இருக்கிறேன். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகஸ்டில்தான் தொடங்கியது. காலையில் எழும்போது கண்ணுக்குக் கீழே மெத்தென்று ஒரு திண்டு வைத்ததுபோல இருக்கும். மாலையில் சற்று வடியும். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் நண்பகல்வரை வடியாது. கன்னமும் போட்ட அளவைவிட அகன்று தெரிந்தது. பள்ளியில் யாரும் நேரே சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள்: "மக்களே, மொகம் என்ன இப்பிடி ஊதிக் கெடக்கு? சிறுநீரக சோதனை எடுத்துப் பாரு." பிற்பாடு பார்த்தால், அன்றைக்கு என்னிடம் சொல்லப்பட்டவற்றில் மிகச் சரியான மருத்துவ ஆலோசனை அதுவாகத்தான் இருந்தது.

முதல் நிலையத்துக்கு இருமுறை தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் முறை நேரிலேயே போனேன். ஃபில்லர் ஆறு மாதத்தில் தானே கரைந்துவிடும் என்றும், இப்போது தெரிவது எடை கூடியதால் வந்த சதை என்றும் சொன்னார்கள். அங்கேயே எடை பார்த்தோம். மார்ச் மாத எடையிலிருந்து அரைக் கிலோகூட மாறவில்லை. அதற்குப் பிறகு வந்த யோசனையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: தாடைப் பக்கம் இன்னொரு மில்லி போட்டால் முகம் சமமாகிவிடுமாம். எனக்குப் போட்ட மருந்தின் பெயர் என்ன என்று கேட்டதற்கு "இம்போர்ட்டட் மேடம்" என்று பதில் வந்தது. கோப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அதில் "ஃபில்லர், 3 மில்லி" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. பெயர்பெற்ற தயாரிப்புகளின் பெட்டியில், மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர், நோயாளியின் கோப்பில் ஒட்டுவதற்கென்றே உரிக்கும்படியாக வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மார்ச் மாதமே கேட்டிருப்பேன்.

இரண்டாவதாகப் போனது, செவிலியராக இருக்கும் என் மைனி சொன்ன ஒரு தோல் மருத்துவரிடம். அவருடையது மாடியில் உள்ள சிறிய இடம். வரவேற்பறையில் முன்–பின் படங்கள் எதுவும் கிடையாது. ஆலோசனைக் கட்டணம் 500 ரூபாய். முதல் நாள் அவர் ஊசியைத் தொடவே இல்லை. போட்டது என்ன மருந்து என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றதும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே சென்றார். பல் சிகிச்சை எடுத்தேனா, அண்மையில் காய்ச்சல் வந்ததா, தடுப்பூசி போட்டேனா, ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று வரிசையாகக் கேட்டார். உடலில் வேறெங்கோ தொற்றோ நோயெதிர்ப்புத் தூண்டலோ ஏற்படும்போது, மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஃபில்லர் சுற்றிலும் திடீரென்று வீங்குவதுண்டாம்; 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது பதிவாகியிருப்பதையும் அவரே சொன்னார். அப்படிப்பட்ட வீக்கமாக இருந்தால் முதலில் மாத்திரைகளே போதுமாக இருக்கலாம். பிறகு தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர் ஆகிய சோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாவை நினைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவே வந்தன.

இரண்டாம் வருகையில் அவர் விளக்கியது, 84,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்பு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய விளக்கம். பெரும்பாலான ஃபில்லர்கள் ஹையலூரானிக் அமிலத்தால் ஆனவை. அது நம் தோலிலும் கண்ணிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கும் பொருள். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. உடலில் உள்ளது ஓரிரு நாளில் சிதைந்து புதிதாக ஊறிவிடும். ஊசியில் வருவது விரைவில் சிதையாமலிருக்க அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லப்படுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பலன் நிற்கும் காலம்; பொருள் முழுவதும் போய்விடும் காலம் அதுவல்ல. ஆண்டுகள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களிலும் அது இருந்த இடத்திலேயே தெரிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது, நிணநீர் வடியும் வழியும் குறுகியது. அங்கே சற்று அதிகமாகவோ மேலாகவோ போட்டுவிட்டால் வடிகால் அடைபட்டு நீர் தேங்குகிறது. இரவு படுத்திருக்கையில் தேங்கியது பகலில் நிமிர்ந்து நடமாடும்போது கொஞ்சம் வடிகிறது. என் காலை வீக்கத்துக்கும் கருவாட்டின் உப்புக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் விளங்கியது.

உயர் அதிர்வெண் ஸ்கேனில், கண்ணடியிலும் கன்னத்திலும் ஃபில்லர் கரும் திட்டுகளாகக் கிடப்பதை அவர் திரையில் காட்டினார். அது ஹையலூரானிக் வகைதான் என்று தோன்றுகிறது என்றும், கால்சியம் வகையாக இருந்தால் கரைக்கும் ஊசிக்கு மசியாது என்றும் சொன்னார். ஸ்டிக்கர் ஒன்று இருந்திருந்தால் இந்த இடத்தில் "தோன்றுகிறது" என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

கரைக்கும் ஊசியின் பெயர் ஹையலூரானிடேஸ். கண்புரை அறுவையின்போது கண்ணைச் சுற்றி மரத்துப்போகப் போடும் ஊசியில் நெடுங்காலமாகக் கலந்து வருவதும் இதே பொருள்தான். இதைப் போடுவதற்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விதான் எனக்கு எதிர்பாராததாக இருந்தது: "டீச்சர், தேனீ கொட்டி எப்பவாவது உடம்பெல்லாம் தடிச்சிருக்கா?" என் தாய்மாமா வீடு அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டத்தில் வரிசையாகத் தேன்பெட்டி வைத்திருப்பார், மாசி மாதம் ரப்பர் புதுத்தளிர் விட்டுத் தேன் வரத்து தொடங்கிவிட்டால் சிறுவயதில் எங்களில் கொட்டு வாங்காதவர் இல்லை. தேனீயின் நஞ்சிலும் ஹையலூரானிடேஸ் இருப்பதால், கொட்டு வாங்கிக் கடும் ஒவ்வாமை கண்டவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம் என்று விளக்கினார். மார்த்தாண்டத்துத் தேனை வெளியூருக்கெல்லாம் அனுப்பும் நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஒவ்வொரு கோப்பிலும் அச்சடித்தே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குக் கை மட்டுமே வீங்கியிருக்கிறது. ஆனாலும் அவர் முன்கையில் சிறு துளி செலுத்தி, அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்த பிறகே முகத்துக்கு வந்தார். அவசர ஊசிமருந்து எடுத்தவுடன் கிடைக்கும்படி தட்டில் வைக்கப்பட்டிருந்தது.

ஒரே நாளில் முழுவதையும் கரைக்க அவர் உடன்படவில்லை. முதலில் கண்ணடியில் மட்டும் சிறிதளவு. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கன்னத்தின் மேற்பகுதியில் இன்னும் கொஞ்சம். எரிச்சல் இருந்தது, அன்று மாலை முகம் முன்னைவிட அதிகமாக வீங்கியதில் பயந்து போனேன். மறுநாள் காலையில் அந்தத் திண்டைக் காணவில்லை. இரண்டாம் நாளில் கண்ணடி முற்றிலும் தட்டையாகி, பழைய பள்ளமும் கொஞ்சம் திரும்பிவிட்டது. அந்தப் பள்ளத்தை இவ்வளவு மகிழ்ச்சியோடு பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. தோலில் இயற்கையாக உள்ளதும் சேர்ந்து கரைந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு, அதை உடல் தானே திரும்ப ஊறவைத்துக்கொள்ளும் என்றார்.

என்னுடையது பொறுத்துப் பார்க்கக்கூடிய வகை. ஊசி போட்டவுடன் தோல் வெளுத்து வலை வலையாக நிறம் மாறுவதும், தாங்க முடியாத வலியும், பார்வை மங்குவதும் இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறிகள்; அவற்றுக்குப் போட்ட இடத்துக்கும், பார்வை மாறினால் பெரிய மருத்துவமனைக்கும் அந்த நிமிடமே ஓட வேண்டும். சிவந்து சூடாகி வலித்தால் தொற்றாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது. இந்தக் கரைக்கும் ஊசியை முதல் நிலையத்தில் இருப்பு வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டபோது, "தேவைப்பட்டால் வரவழைக்கலாம்" என்றார்கள். குழாய் அடைப்புக்கும் அதுதான் மருந்து என்று பின்னால் அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இரண்டாவது இடத்திலும் குறைகள் உண்டு. முன்பதிவு நேரம் வெறும் பெயருக்குத்தான். மூன்று வருகையிலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்தேன். மாடிக்கு லிஃப்ட் இல்லை. கட்டண விவரம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஸ்கேனும் இரண்டு அமர்வுகளும் சேர்த்து 14,500 ரூபாய் ஆனது, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். இப்போது இடது கன்னம் வலதைவிட ஒரு நூல் ஒடுங்கியிருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் போடலாமா என்று கடைசி வருகையில் நானே வாய்விட்டுக் கேட்டேன். தைப் பொங்கல் கழிந்து பார்க்கலாம், போட்டாலும் கண்ணடியில் இனிப் போடவே கூடாது என்று கோப்பில் சிவப்பு மையில் எழுதி, அதன் நகலையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

இந்த இடத்துக்கு நான்கு நட்சத்திரம். முதல் நிலையத்துக்கு மார்ச்சில் கொடுத்த ஐந்தை இரண்டாகக் குறைத்துவிட்டேன். அந்த இரண்டும் திருமணப் படங்களுக்காக.