கேலாங்கா, ஃபேரர் பார்க்கா? ஒரு படுக்கையறை கொண்டோ வாங்குமுன்

நகருக்குப் பக்கத்தில், ஒருவரோ இருவரோ வாழ, கையைக் கடிக்காத விலையில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) தேடும் சிங்கப்பூர்த் தமிழர்கள் பலர் கடைசியில் இரண்டு வட்டாரங்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று கேலாங். இன்னொன்று லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க். இரண்டுக்குமே பழைய கெட்ட பெயர் உண்டு. கேலாங் என்றால் சிவப்பு விளக்கு. ஃபேரர் பார்க் பக்கம் அதே தொழில் நடந்த டெஸ்கர் ரோட்டுச் சந்துகளும், 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரமும். இன்று இரண்டும் நள்ளிரவு வரை சாப்பாடும் கூட்டமுமாகக் கலகலவென்று இருக்கும் இடங்கள்.

கேலாங் வீடுகளை முகவர்கள் பெரும்பாலும் ‘ஃப்ரீஹோல்ட்’ என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் விற்கிறார்கள். 99 ஆண்டுக் குத்தகை வீட்டின் விலைக்கே, சில நேரம் அதற்கும் குறைவாக, காலவரையற்ற உரிமை கிடைக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தச் சொல்லுக்கு எல்லா லோரோங்கிலும் (எண்ணிட்ட சந்துகள்) ஒரே மதிப்பு கிடையாது.

கேலாங் ரோட்டுக்குத் தெற்கே, கில்லமார்ட் ரோடு பக்கம் இருப்பவை இரட்டை எண் லோரோங்குகள். வடக்கே, சிம்ஸ் அவென்யூ பக்கம் ஒற்றை எண். சிவப்பு விளக்குத் தொழில் காலங்காலமாக இரட்டை எண் சந்துகளில், அதிலும் சிறிய எண்களில்தான் குவிந்திருந்தது. 2015-ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு முடிவெடுத்தது. கேலாங் ரோடு, லோரோங் 22, கில்லமார்ட் ரோடு, லோரோங் 4 ஆகிய நான்குக்கும் நடுவே உள்ள பகுதியைக் குடியிருப்பு வகையிலிருந்து வணிக வகைக்கு மாற்றியது. குடியிருப்பவர்களுக்கும் அங்கு நடக்கும் தொழில்களுக்கும் உரசல் கூடிவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கு ஆபத்தில்லை, அங்கே தொடர்ந்து வசிக்கலாம். புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டும் அனுமதி இல்லை.

ஃப்ரீஹோல்ட் என்ற சொல் அடிவாங்குவது இங்கேதான். சின்ன கொண்டோவை ஃப்ரீஹோல்ட் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குபவரின் மனத்தில், என்றாவது ஒருநாள் மேம்பாட்டாளர் மொத்தக் கட்டடத்தையும் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை ஓரத்தில் இருக்கும். பத்தாண்டு தாண்டிய கட்டடத்தில் வீடுகளின் பங்கிலும் பரப்பிலும் 80 விழுக்காட்டை வைத்திருக்கும் உரிமையாளர்கள் சம்மதித்தால் ஒட்டுமொத்த விற்பனைக்குப் போகலாம், சரி. ஆனால் இந்தச் சதுரத்துக்குள் இடித்துவிட்டு மறுபடி கொண்டோ கட்ட முடியாது. நிலத்துக்குப் போட்டியிடும் கூட்டத்தில் வீடு கட்டுபவர்களே இல்லையென்றால், நிரந்தர உரிமைக்காகக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு என்ன பொருள்? அதனால் லோரோங் 4 முதல் 22 வரையிலான இரட்டைப் பக்கத்தை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். மிக மலிவாகக் கிடைத்து, அங்கேயே நெடுங்காலம் குடியிருக்கப்போகிறவர் என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வங்கியிடம் அந்த முகவரியைச் சொல்லிக் கடன் உறுதியா என்று கேட்டுவிடுங்கள். இந்தச் சந்துகளுக்குக் கடன் கொடுக்கச் சில வங்கிகள் தயங்குவதுண்டு.

ஒற்றை எண் பக்கம் வேறு உலகம். லோரோங் 25 அருகே அல்ஜூனிட் ரயில் நிலையம். அங்கிருந்து சிட்டி ஹால் நான்காவது நிறுத்தம். லோரோங் 9-ல் தவளைக் கஞ்சி, சிம்ஸ் அவென்யூவில் டுரியான் கடைகள், சந்துக்குச் சந்து பௌத்த சங்கங்களும் குலமரபுச் சங்கங்களும். கொஞ்சம் கிழக்கே போனால் கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-ல் ஸ்ரீ சிவன் கோயில். ரயில் இங்கே மேம்பாலத்தில் ஓடுகிறது. தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல் என்றால் சத்தம் நிச்சயம். இரட்டைப் பக்கத்திலும் லோரோங் 24-க்கு மேல் போகப்போக, டக்கோட்டா நிலையத்தை நெருங்கும்போது, தெருவின் முகமே மாறிவிடுகிறது. லோரோங் 24A-இன் பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி ஃபேரர் பார்க். இங்குள்ள பெரிய கொண்டோக்களில் பல 99 ஆண்டுக் குத்தகை. தமிழருக்கு இந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேக்கா சந்தை, பெருமாள் கோயில், தைப்பூசத்துக்கு வாசலிலேயே ஊர்வலம், தீபாவளிக்குத் தெரு முழுக்க விளக்கு. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து டோபி காட் இரண்டாவது நிறுத்தம். கேகே மருத்துவமனையும் ஃபேரர் பார்க் மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பதால் வாடகைக்கு ஆள் தேடுவதும் பெரிய சிரமமாக இருக்காது. ஞாயிறு மாலை மட்டும் வெளிநாட்டு ஊழியர் கூட்டம் நிறையும். வாரம் முழுக்க உழைத்தவர்கள் நண்பர்களைப் பார்க்க வரும் ஒரே நாள் அது. அதைத் தொல்லையாகப் பார்ப்பவர் தயவுசெய்து இங்கே வீடு வாங்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டு இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலிலிருந்து, கேலாங்கும் லிட்டில் இந்தியாவும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கவே முடியாது.

குத்தகை பயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, 2005-ல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2104-ல் முடிகிறது. வாங்குபவரின் 95 வயது வரை குத்தகை மிச்சமிருந்தால் மத்திய சேமநிதியை (சிபிஎஃப்) வழக்கமான வரம்பு வரை முழுமையாகப் பயன்படுத்தலாம் என்பது 2019 முதல் உள்ள விதி. 35 வயதுக்காரருக்கு 60 ஆண்டு தேவை; அது 2044 வரை இருக்கும். அதற்குப் பிறகு விற்றால் இளம் வயதினர் பணம் புரட்டச் சிரமப்படுவார்கள், விலையும் அதற்கேற்ப இறங்கும். பத்துப் பதினைந்து ஆண்டில் பெரிய வீட்டுக்கு மாறப்போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. வயதான காலத்திலும் இங்கேதான் என்று நினைப்பவருக்கு ஃப்ரீஹோல்ட் நியாயமான ஆசை.

விளம்பரத்தில் வரும் சதுர அடியை மட்டும் எங்கேயும் அப்படியே நம்ப வேண்டாம். பால்கனி, குளிர்சாதனக் கருவி வைக்கும் திட்டு, உயரக் கூரை வீடுகளில் வெறும் வெற்றிடம்கூடப் பழைய கட்டடங்களின் பரப்பளவில் சேர்ந்திருக்கும். அளவு நாடாவை எடுத்துப்போய் கட்டிலும் அலமாரியும் நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் இன்னொன்று. பொதுவான வழிகாட்டுதலில் 50 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு 5 பங்கு, 51 முதல் 100 வரை 6 பங்கு. அதாவது உங்களைவிட இரு மடங்கு பெரிய வீட்டுக்காரர் கட்டுவதில் ஆறில் ஐந்து பங்கை நீங்கள் கட்டுவீர்கள். கேலாங்கில் முப்பது நாற்பது வீடுகள் மட்டுமே உள்ள கட்டடங்கள் அதிகம். மின்தூக்கி, காவலாளி, இயந்திரக் கார் நிறுத்தம் பழுதானால் ஆகும் செலவு எல்லாம் அந்தச் சில பேர் தலையில்தான். நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள ஃபேரர் பார்க் கொண்டோவில் இந்தச் சுமை பரவிவிடுகிறது. இதை முகவர்கள் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

வரி இரு இடத்திலும் ஒன்றே. 750,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி 17,100 வெள்ளி. முதல் வீடு வாங்கும் குடிமகனுக்கு அதோடு சரி. நிரந்தரவாசிக்குக் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு, அதாவது இன்னொரு 37,500 வெள்ளி. வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது 60 விழுக்காடு; அவர்கள் வாடகைக்கே இருந்துகொள்வது நல்லது. 35 வயது தாண்டிய தனியாள் குடிமகன் என்றால், கொண்டோவுக்கு முன் மூவறை வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இடம் கணிசமாக அதிகம். முதலில் கொண்டோ வாங்கிவிட்டு அதை விற்று வீவகவுக்குப் போக நினைத்தால், மறுவிற்பனை வீட்டுக்கே பொதுவாகப் 15 மாதம் காத்திருக்க வேண்டும்.

என் பணம் என்றால் எங்கே போடுவேன்? பத்தாண்டு வாழ்ந்துவிட்டு மாறும் எண்ணமிருந்தால் ஃபேரர் பார்க். நெடுங்காலம் இருக்கவும், கொஞ்சம் அடக்கமான விலையும் வேண்டும் என்றால் கேலாங், ஆனால் ஒற்றை எண் பக்கமோ 24-க்கு மேற்பட்ட இரட்டை எண்களோதான். வாங்கி இரண்டு மூன்று ஆண்டில் லாபத்துக்கு விற்கலாம் என்பவருக்கு இரண்டுமே ஆகாது. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை முதல் ஆண்டிலேயே விற்றால் விற்பனையாளர் முத்திரை வரி 16 விழுக்காடு, அப்புறம் 12, 8, 4 என்று இறங்கி நான்காண்டு முடிந்த பிறகுதான் இல்லாமல் போகிறது.