ஸ்பேம் பெட்டியைச் சனிக்கிழமைதோறும் திறக்கிறேன்

ஒன்பது வருடமாக ஒரே ஜிமெயில் முகவரி. மொழிபெயர்ப்பு வேலை செய்வதால், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மெயில்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஸ்பேமும், அதாவது கேட்காமல் வந்து விழும் விளம்பர, மோசடி மெயிலும், முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதான் வருகிறது. சிக்கலே அங்கேதான்.

முதல் இரண்டு வருடம் ஸ்பேமைப் பார்த்தாலே ஆத்திரம். உட்கார்ந்து ஃபில்டராக எழுதித் தள்ளினேன். தலைப்பில் 'லோன்', 'ஆஃபர்', 'அர்ஜென்ட்' என்று இருந்தால் நேரே டெலீட். இன்பாக்ஸ் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஃபோன் செய்தார். "மெயிலுக்குப் பதிலே காணோம், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார். அவர் வைத்திருந்த தலைப்பு 'அர்ஜென்ட், 40 பக்கம்'. ஜிமெயிலைக் குறை சொல்ல வழியில்லை, தின்றது என் ஃபில்டர். குப்பையில் போய்த் தேடினால் அங்கும் இல்லை. 30 நாள் தாண்டினால் தானாக அழிந்துவிடும்.

ஒரு ஸ்பேம் இன்பாக்ஸில் விழுந்தால் எனக்கு இரண்டு விநாடி போகும். ஒரு நல்ல மெயில் தொலைந்தால் ஒரு மாத வேலை போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் என் முட்டாள்தனம். டெலீட் விதிகள் அத்தனையையும் அன்றே எடுத்துவிட்டேன்.

பதிலுக்கு, உள்ளே விடும் விதிகளை எழுதினேன். ஃபில்டரில் 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று ஒரு தெரிவு உண்டு. மெயிலில் 'வணக்கம்' என்று தமிழில் இருந்தால் அந்த விதி வேலை செய்யட்டும் என்று வைத்தேன். அப்போது எனக்கு வந்த ஸ்பேம் எல்லாம் ஆங்கிலம். இப்போது இயந்திர மொழிபெயர்ப்பின் புண்ணியத்தில் 'வணக்கம் அன்பான பயனர்' என்று அதுவும் தமிழ் பேசுகிறது. (மொழிபெயர்ப்பாளன் கண்ணில் அது படும்போது ஏற்படும் எரிச்சல் தனி.) மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் என்பதால் விதியை எடுக்கவில்லை.

முகவரியில் அட் குறிக்கு முன்னால் பிளஸ் போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் மெயில் நமக்கே வரும். கடைகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். யார் முகவரியைக் கைமாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனால் சில படிவங்கள் பிளஸ் குறியை ஏற்பதில்லை. அதை வெட்டிவிட்டு அனுப்பும் ஆட்களும் உண்டு. பாதி உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்சப்ஸ்கிரைப், அதாவது 'இனி அனுப்பாதே' என்று விலகிக்கொள்ளும் விஷயத்தில் நான் வெகுநாள் குழம்பினேன். நாமே பதிவு செய்த செய்திமடல் என்றால் தயங்காமல் அழுத்தலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்ற விதி வந்தது. அப்புறம் என் இன்பாக்ஸ் கண்கூடாக மெலிந்தது. யாரென்றே தெரியாதவன் அனுப்பியதில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் இணைப்பை மட்டும் தொடுவதில்லை. தொட்டால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று நாமே சொன்னதாகிவிடும். அதற்கு ஸ்பேம் பொத்தான் போதும். சோம்பலில் நல்ல செய்திமடலையும் ஸ்பேம் என்று அழுத்தாதீர்கள், ஃபில்டர் தப்புப் பாடம் படிக்கும்.

ஒரு சிறிய பதிப்பகத்தின் மெயில் மட்டும் எத்தனை முறை மீட்டாலும் மறுபடி ஸ்பேமுக்கே போய்க்கொண்டிருந்தது. மெயிலின் உள்விவரங்களைக் காட்டும் 'அசலைக் காட்டு' என்பதைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் என்ற வரியில் ஃபெயில். அதாவது, அவர்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியலில் இந்த சர்வர் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், அவர்களுடைய கணினி ஆள் ஒரே நாளில் சரிசெய்துவிட்டார். பாவம், அதுவரை எத்தனை எழுத்தாளர்கள் 'பதிலே போடவில்லை' என்று அவர்களைத் திட்டினார்களோ.

இவ்வளவு செய்தும் சனிக்கிழமைதோறும் ஸ்பேம் பெட்டியைத் திறக்கிறேன். வழக்கமான தேடல் ஸ்பேமுக்குள் எட்டிப் பார்க்காது. தேடல் தெரிவுகளில் ஸ்பேமையும் குப்பையையும் சேர்க்கச் சொல்லி, என் பெயரைப் போட்டுத் தேடுவேன். கண்மூடித்தனமாக அனுப்புகிறவனுக்குப் பெரும்பாலும் என் பெயர் தெரிந்திருக்காது, அதனால் பட்டியல் சின்னதாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

போன வாரம் அதில் ஒன்று சிக்கியது. தலைப்பு இல்லை, உள்ளே என் பெயரும் ஒரு இணைப்பும் மட்டும். பள்ளித் தோழன். புதிய முகவரியிலிருந்து மகளின் பாட்டு வீடியோவை அனுப்பியிருக்கிறான். ஃபில்டர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் தள்ளியிருப்பேன். அவனுக்கு ஃபோன் போட்டு, "டேய், அடுத்த தடவை ஒரு வணக்கமாவது போடு" என்றேன்.