காரைக்குடி அச்சுக்கடைக்கு ஒரு பொத்தான் பலகை: லினக்ஸில் ஸ்ட்ரீம் டெக், நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

அழைப்பிதழ் வேலை பார்க்கும் காரைக்குடிக் கடைகளில் ஒரே சொற்கள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அழைப்பிதழ் என்றால் ஊர், விலாசம், குடும்பம் சேர்ந்த கோயில் இந்த மூன்றிலும் ஓர் எழுத்து பிசகக் கூடாது. கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்பதையும் ஒன்பது பொத்தான்களில் வைத்துவிட்டால் கையும் கண்ணும் ஓயும். எல்காட்டோ நிறுவனத்தின் 15 பொத்தான் ஸ்ட்ரீம் டெக், அதாவது ஒவ்வொரு பொத்தானிலும் படம் காட்டும் யுஎஸ்பி பலகை, அந்த வேலைக்குப் பொருத்தமான கருவி.

பல மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு எங்கள் கருத்து இது. பலகையைத் தட்டச்சுக் கருவியாக அமைத்தால் தமிழில் காலை வாரிவிடும். கோப்பில் எழுதி வைத்ததை எடுத்து ஒட்டும் கருவியாக அமைத்தால் முழுதாக நம்பலாம்.

முதலில் அனுமதி. நிறுவனம் தரும் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். லினக்ஸில் ஸ்ட்ரீம்டெக் லினக்ஸ் ஜியுஐ, ஸ்ட்ரீம்கண்ட்ரோலர், ஓப்பன்டெக், போட்ஸ்வெய்ன் என்று பல திறமூலச் செயலிகள் உண்டு. எதை நிறுவினாலும் சாதனத்தைத் தொட சாதாரணப் பயனருக்கு உரிமை வேண்டும். அதற்கு யுடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கையாளும் பகுதி) விதி ஒன்று எழுத வேண்டும்: விற்பனையாளர் எண் 0எஃப்டி9 கொண்ட யுஎஸ்பி சாதனத்துக்கும் அதனோடு செயலி நேரடியாகப் பேசும் ஹெச்ஐடி-ரா முனைக்கும், உள்நுழைந்த பயனருக்கு உரிமை தரும் 'யுஅக்சஸ்' என்ற குறி. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் கோப்பின் பெயர். யுஅக்சஸ் குறியைச் செயல்படுத்துவது 73 என்று தொடங்கும் விதிக் கோப்பு. உங்கள் கோப்பு 99 என்று தொடங்கினால் அந்தக் குறி விழும்போது வேலை முடிந்து போயிருக்கும். விதி சரியாக இருந்தும் பலகை கறுப்பாகவே கிடக்கும். 60 அல்லது 70 என்று பெயரைத் தொடங்குங்கள். விதிகளை மறுபடி ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். ஃபிளாட்பேக் என்ற தனித்தொகுப்பு முறை வழியாக நிறுவிய செயலிக்கும் இந்த விதியை நாம்தான் வைக்க வேண்டும். அது தானாக வைத்துக்கொள்ளாது.

அடுத்து எழுத்து. செயலியில் 'உரை எழுது' என்ற வசதி இருக்கும். அதை நம்பி மாத்தூர் என்று போட்டால் வராது. செயலி அனுப்புவது எழுத்தை அல்ல, விசை எண்ணை. ஆங்கில விசைப்பலகையில் எந்த விசை எங்கே என்ற கணக்கு மட்டுமே அதற்குத் தெரியும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் ஆங்கிலச் சொல் அனுப்பினாலும் திரையில் பொருளில்லாத தமிழ் எழுத்துகள் வரும். ஆகவே பொத்தானுக்கு எழுத்தைத் தராமல் ஒரு ஸ்கிரிப்டின் பாதையைத் தருவதே வழி.

அந்த ஸ்கிரிப்டுக்கு மூன்று வரி போதும். ஒவ்வொரு கோயிலுக்கும் யுடிஎஃப்-8 உரைக் கோப்பு ஒன்று. முதல் வரி கோப்பில் இருப்பதைக் கிளிப்போர்டுக்கு ஏற்றும், இரண்டாவது 0.2 வினாடி பொறுக்கும், மூன்றாவது கன்ட்ரோல்+வி அனுப்பும். லினக்ஸ் திரையைக் கையாளும் முறை இரண்டு: பழைய எக்ஸ்11, புதிய வேலாண்டு. எக்ஸ்11 அமர்வில் கிளிப்போர்டுக்கு எக்ஸ்கிளிப்பும் விசை அனுப்ப எக்ஸ்டூடூலும் இதைச் சுத்தமாகச் செய்யும். வேலாண்டில் அவற்றுக்குப் பதில் டபிள்யூஎல்-காப்பி, ஒய்டூடூல். ஒய்டூடூல் 1.0-க்குப் பிந்தையது என்றால் விசையை எண்ணாகத் தர வேண்டும்: 29:1 47:1 47:0 29:0 (29 கன்ட்ரோல், 47 வி; 1 அமுக்கு, 0 விடு). உபுண்டு 22.04 களஞ்சியத்தில் இருக்கும் 0.1.8 இந்த எண் முறையை ஏற்காது; அதற்கு விசையின் பெயரையே கொடுக்க வேண்டும். இணையத்தில் பார்த்ததை அப்படியே போட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பதிப்பு முரண்தான் காரணம். புதிய பதிப்புக்குப் பின்னணிச் சேவையும் ஓட வேண்டும், மென்பொருள் விசைகளை ஏற்கும் யுஇன்புட் முனைக்கு அனுமதியும் வேண்டும். கடைக் கணினிக்கு எங்கள் பரிந்துரை லினக்ஸ் மின்ட் சின்னமன், எக்ஸ்11 அமர்வு. அலைச்சல் பாதியாகக் குறையும்.

நடுவில் உள்ள அந்த 0.2 வினாடியை யாரும் வெட்டக் கூடாது. கிளிப்போர்டு மாறுவதற்குள் கன்ட்ரோல்+வி போய்விட்டால் முன்பு இருந்த உரையே ஒட்டும். மணமகன் வீட்டுக் கோயிலை ஒட்டிய கையோடு மணமகள் வீட்டுக் கோயிலை அமுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே கோயில் வந்து நிற்கும். பெரும்பாலும் ஒரே கோயிலார் பங்காளிகள், அவர்களுக்குள் மணம் இல்லை என்னும் ஊரில் அது எப்படிப்பட்ட பிழை என்று விளக்க வேண்டியதில்லை. வேகம் குறைந்த கணினியில் 0.4 வரை கூட்டலாம், குறைக்க வேண்டாம்.

உரைக் கோப்பின் கடைசியில் காலி வரி இருந்தால் ஒட்டிய இடத்தில் பத்தி உடையும். டபிள்யூஎல்-காப்பிக்கு அந்த வரியை நீக்கும் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். இன்னொன்று: 'கோ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் ஒன்றுக்கு மற்றது அகப்படாது. எல்லாக் கோப்புகளையும் ஒரே விசைப்பலகையில் அடித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பொத்தானில் தெரியும் படத்துக்கு வருவோம். இந்த மாதிரியில் ஒரு பொத்தானுக்கு 72-க்கு 72 பிக்சல். 6 பொத்தான் மினியில் 80, 32 பொத்தான் எக்ஸ்எல்லில் 96. செயலியின் பெயர்ப் பெட்டியிலேயே தமிழில் எழுதினால் இரண்டு விதமாகக் கெடும். எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தெரியும். தமிழ் எழுத்துரு கொடுத்தும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பைத்தானின் பில்லோ நூலகம் எழுத்துகளைக் கோக்காமல் வரிசையாக அடுக்குகிறது என்று பொருள். கோத்துத் தருவது ராக்கம் என்ற துணை நூலகம். அதற்குத் தேவையான ஃப்ரிபிடி என்ற நூலகம் கணினியில் இல்லாவிட்டால் ராக்கம் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். ஃப்ரிபிடியை நிறுவிச் செயலியை மறுபடி தொடங்கினால் தமிழ் நேராகும்.

ஆனாலும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் படமாகச் செய்து பிஎன்ஜியாக வைப்பதே சிறப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ் தடித்த எழுத்து, அடர்ந்த பின்னணியில் வெள்ளை. 'பிள்ளையார்பட்டி' 72 பிக்சலுக்குள் ஒரே வரியில் அடங்காது. 'பிள்ளை' என்று முதல் அசைகள் போதும். கோயிலுக்கு ஒரு நிறம் கொடுத்தால் சில வாரத்தில் கண் எழுத்தைப் படிப்பதையே விட்டுவிடும்.

இடம் ஒதுக்கும்போது இடப்பக்க மூன்று நிரலில் ஒன்பது கோயில், வலப்பக்க இரண்டு நிரலில் மீதி ஆறு. இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு பிரிவுகள் இருப்பதால் அந்த இரண்டு பொத்தான்களும் உரையை ஒட்டாமல் தனிப் பக்கத்தைத் திறக்கட்டும். அங்கே ஏழு பிரிவும் திரும்பிவரும் பொத்தானும். திரும்பும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர்களையும் இதில் ஏற்றும் ஆசை வரும். செட்டிநாட்டு ஊர்கள் எழுபதுக்கு மேல், பக்கம் பக்கமாகப் புரட்டுவதைவிட அடிப்பதே வேகம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று அடிக்கடி வரும் நாலைந்தோடு நிறுத்துங்கள். அச்சுக்கு அனுப்பும் கட்டளையைப் பலகையில் வைக்கவே வேண்டாம். அது 'நிச்சயமா?' என்று கேட்காது.

பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் 1.6 போதும், யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய அழைப்பிதழ்க் கோப்பில் மட்டும் இந்த ஒட்டல் உருப்படாது. அந்தக் கோப்பை முதலில் மாற்றியாக வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு கொஞ்சம்தான். மின்சாரம் இல்லாத ஹப்பில் பென்டிரைவோடும் ஸ்கேனரோடும் பலகையைச் செருகினால் அடிக்கடி துண்டிக்கும். கணினியின் பின்பக்கத் துளையே நல்லது. 2021-இல் வந்த எம்கே.2 மாதிரியில் கம்பி கழற்றக்கூடியது என்பதால் சார்ஜ் மட்டும் ஏற்றும் கம்பியை மாட்டிவிட்டுத் தேடுவதும் நடக்கும். அமைப்புக் கோப்பையும் படங்கள் உள்ள கோப்புறையையும் சேர்த்தே நகலெடுங்கள். படத்தின் முழுப் பாதையும் அமைப்பில் பதிவாவதால் வேறு கணினியில் பயனர் பெயர் மாறினால் பொத்தான்கள் வெறுமையாகும்.

படம் வேண்டாம், விலையும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு க்யூஎம்கே என்ற திறமூல விசைப்பலகை மென்பொருள் ஓடும் 9 விசைப் பலகை போதும். பலகையே யூனிகோடு அனுப்பும் முறையை நாடாதீர்கள்: 'மாத்தூர்' என்பது 8 குறியீட்டுப் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யு, நான்கு இலக்கம், ஸ்பேஸ், நடுவில் ஒன்று தவறினால் சொல்லே சிதையும். எஃப்13 முதலான விசைகளை ஒதுக்கி, மேசைச்சூழலின் குறுக்குவிசை அமைப்பில் அதே ஸ்கிரிப்டுகளோடு இணையுங்கள். எஃப்20 பல விநியோகங்களில் மைக்கை அணைக்கும், எஃப்21 டச்பேடை அணைக்கும். எஃப்13 முதல் 18 வரை ஆறு விசை. மீதி மூன்றுக்கு கன்ட்ரோலைச் சேர்த்து எஃப்13, 14, 15.