மொறிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி: உட்பூச்சா, புது இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா?

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் வளவில் நிற்கும் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரின் பெற்றோல் தாங்கி, 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போதுதான் பழுதானது. பாதிக்கும் குறைவான பெற்றோலுடன் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றதால், தாங்கியின் வெற்றிடத்திலிருந்த ஈரக்காற்று இரவுகளில் குளிர்ந்து நீராகி, பெற்றோலை விடக் கனமானதாகையால் அடியில் தங்கிவிட்டது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெறும் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கிய பிறகு காரை வெளியே எடுத்தபோது, ஊறணியைத் தாண்டுமுன் இரண்டு தடவை நின்றது. தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் எஸ்யூ பம்பின் வடிகட்டியில் செம்மண் போலக் கறள் அடைந்திருந்தது.

முதலில் செலவு குறைந்த வழியையே நாடினேன். பழைய தாங்கியை அமிலத்தால் கழுவி, ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்து, உள்ளே பூச்சு ஊற்றுவது அது. (பெற்றோல் ஆவி முற்றாக நீங்காத தாங்கியில் எவரையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள்; பெற்றோல் தீர்ந்து ஆவி மட்டும் எஞ்சிய தாங்கிதான் வெடிக்கும்.) அடியில் சிறிதளவு எண்ணெயோ கறளோ எஞ்சினாலும் பூச்சு பிடிக்காது. எனக்குச் செய்து தந்த கராஜில் அதைச் சரியாக உலர்த்தவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு மாரிக்குள் பூச்சு தோலாக உரிந்து, பெற்றோல் வெளியேறும் குழாயை அடைத்தது. அதைச் சுரண்டி எடுக்க, பெற்றோல் அளவைக் காட்டும் மானியின் மிதவையைப் பொருத்தும் சிறு துவாரத்தைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே கை நுழையாத தாங்கியைப் பராமரிக்க முடியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பின் ஒவ்வொரு தெரிவையும் ‘உள்ளே கை நுழையுமா?’ என்ற அந்த ஒரு கேள்வியை வைத்தே பார்த்தேன்.

இங்கிலாந்திலிருந்து தருவிக்கக்கூடிய புதிய இரும்புத் தாங்கி அச்சொட்டாகப் பொருந்தும். மானியும் பிழையின்றிக் காட்டும். கண்டியில் வசிப்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில், சேறும் நீரும் தங்கும் மேல்விளிம்பில் அதே இரும்பு மீண்டும் கறள் பிடிக்கும், உள்ளே கை நுழையாத குறையும் அப்படியே இருக்கும். பெரிய தாங்கி போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அசல் தாங்கி கொள்ளும் ஏறத்தாழ 29 லீற்றர் இந்தச் சிறிய இயந்திரத்துக்குப் போதும்.

ஆகவே ஸ்டெயின்லெஸ் தகட்டில் புதிதாகச் செய்வித்தேன். இதிலும் தகட்டின் தரத்தைக் கவனிக்க வேண்டும். பாத்திரக் கடைகளில் காணும் 304 தரம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிபடும். மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 தரம் அதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டையும் கண்ணாலோ காந்தத்தாலோ பிரித்தறிய இயலாது என்பதால், தகட்டை நம்பிக்கையான இடத்தில் வாங்கி நாமே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. பெற்றோல் அலைமோதாதிருக்க உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகளும், அடியில் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் ஆணியும், மேலே டிக்கியிலிருந்து திறக்கக்கூடியவாறு கை நுழையும் அகலத்தில் மூடியும் வைத்தோம். மூடியைக் கசியாமல் அடைக்கும் காஸ்கட் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் பெற்றோலில் ஊதிப்போகும், காருக்குள் நாற்றமும் வரும். தாங்கியைக் காரின் உடலோடு இறுக்கிப் பூட்டினால் அதிர்வில் வெல்டிங் ஓரங்கள் விரிசல் விடக்கூடும் என்பதால் இடையில் ரப்பர் பட்டி வைத்தோம். ஆழம் சிறிது மாறியதால் மிதவையின் கம்பியை இரண்டு தடவை வளைத்த பிறகே மானி சரியாகக் காட்டியது. இப்போது மாரி முடிந்ததும் வடிகால் ஆணியைக் கழற்றி நீரை விட்டு, மூடியைத் திறந்து துணியால் துடைக்கிறேன். ஒரு மணித்தியால வேலை. பம்பின் வடிகட்டி சுத்தமாகவே இருக்கிறது. எனினும் கடந்தவை இரண்டு மாரிகளே. வெல்டிங் ஓரங்கள் பத்து வருடம் தாங்குமென்று உறுதி கூற மாட்டேன்.

அலுமினியத் தாங்கி இதைவிட இலேசானது. ஆனால் உப்புநீர் பட்ட இடத்தில் இரும்போடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே முதலில் கரையும். நான் அருகிலிருந்து பார்த்தது ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

விற்கும்போது பழைய கார்ப் பிரியர்கள் அசல் தாங்கியைக் கேட்பார்கள். அதற்காகவே புதியதைப் பழைய ஆணித் துவாரங்களிலேயே பொருத்தினேன். உடலில் புதிதாக ஒரு துவாரமும் போடவில்லை. அசல் தாங்கி எண்ணெய் பூசப்பட்டு, சாக்கில் சுற்றப்பட்டு, வீட்டின் பரணில் இருக்கிறது.