நிற்கும் காரில் பேட்டரி வோல்டேஜ் பார்ப்பது: சில வருட அனுபவம்

வார நாட்களில் என் கார் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில்தான் நிற்கும். சின்ன பெட்ரோல் வண்டி, 35 ஏஎச் பேட்டரி (ஏஎச் என்பது ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு; ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஏஎச்). ஓட்டம் குறைந்த வண்டியில் முதலில் மக்கர் பண்ணுவது பேட்டரிதான் என்பதால், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வைத்து அவ்வப்போது வோல்டேஜ் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

கணக்கு எளிது. காரில் வழக்கமாக இருக்கும் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியில் ஆறு செல்கள். முழு சார்ஜில் செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆக மொத்தம் 12.6 அல்லது 12.7. 12.4 காட்டினால் முக்கால்வாசி சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) என்றால் முழு சார்ஜில் 12.8க்கு மேலேகூடக் காட்டும். எப்படி சார்ஜ் ஏற்றினாலும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு செல் போயிருக்கும்.

முழு சார்ஜுக்கும் காலிக்கும் நடுவே முக்கால் வோல்ட்தான் இடைவெளி. அதனால் மீட்டர் 0.1 வோல்ட் தப்பாகக் காட்டினாலே சார்ஜ் கணக்கு பத்து, பதினைந்து சதவீதம் பிசகிவிடும். விலை குறைந்த மீட்டர்களில் இன்னொரு தொல்லை உண்டு: அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்க இறங்க, அளவு கூடுதலாகத் தெரியும். கார் பேட்டரி திடீரென்று 13 காட்டினால் நான் முதலில் மீட்டரின் பேட்டரியைத்தான் மாற்றுவேன்.

வண்டி ஓட்டி வந்ததும் அளப்பதில் பயனில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை கொடுக்கும். அணைத்த பிறகும் பேட்டரிக்குள் இருக்கும் ஈயப் பிளேட்களின் மேற்பரப்பில் கொஞ்சம் சார்ஜ் தங்கியிருக்கும். பழைய பேட்டரிகூட அப்போது 12.9 காட்டி நம்மை நம்ப வைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் பார்ப்பதுதான் சரி. அதிலும், கதவைத் திறந்தாலே உள்விளக்கு எரியும், கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். ஆகவே பானெட்டைத் திறந்துவிட்டு, கதவை மூடி லாக் செய்து, அரை மணி நேரம் கழித்து டெர்மினலில் நேராக வைத்து அளக்கிறேன். லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட்மீட்டரை இதற்கு நம்ப மாட்டேன். பல வண்டிகளில் இக்னிஷன் போட்டால்தான் அது வேலை செய்யும். போட்ட உடனே பேட்டரி ஓய்வில் இருக்காது.

இந்தப் பழக்கத்தின் முழுப் பலன் தெரிந்தது டேஷ்கேம் (முன்கண்ணாடி அருகே வைத்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா) பொருத்திய பிறகுதான். அதுவரை ஒரு வாரம் நின்றால் 12.6 இருந்தது 12.5க்கு வரும். அது இயல்புதான். வண்டி பூட்டிக் கிடந்தாலும் கடிகாரம், அலாரம் எல்லாமாகச் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 30 என்று வைத்தாலும் வாரத்துக்கு 5 ஏஎச். கேமரா வந்த பிறகு மூன்றே நாளில் 12.2க்கு இறங்கியது. கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். ஆனால் பேட்டரியில் குறை இருப்பதாக என் நோட்டைப் பார்த்தால் தெரியவில்லை. மீட்டரை ஆம்பியரில் வைத்து நெகட்டிவ் வயரோடு தொடராக இணைத்துப் பார்த்தேன் (அப்படி இணைத்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது). இழுவை 250 மில்லி ஆம்பியர் பக்கம் இருந்தது. நாளைக்கு 6 ஏஎச், மூன்று நாளில் பாதி பேட்டரி காலி! கேமராவை எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனில் கொடுத்திருந்தார்கள். அதை இக்னிஷன் லைனுக்கு மாற்றியதும் பழையபடி வாரத்துக்கு 0.1தான் இறங்கியது. ஒரு நாள் அளவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆனால் பேட்டரியின் வலுவை இந்த எண் சொல்லாது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும், தொட்டி எவ்வளவு சுருங்கிவிட்டது என்று தெரியாது. அதே பேட்டரி கடைசிக் காலத்தில் காலையில் 12.5 காட்டியது, செல்ஃப் மட்டும் இழுத்து இழுத்து அடித்தது. மகனைச் சாவி போடச் சொல்லி மீட்டரைப் பார்த்தேன். 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. நல்ல பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 10 பக்கம் நிற்கும், 9.6க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். சாதாரண மீட்டர் மெதுவாகத்தான் எண்ணைக் காட்டும் என்பதால் உண்மையான வீழ்ச்சி இன்னும் கூடவே இருந்திருக்கும். அந்த வாரமே மாற்றிவிட்டேன்.

இப்போது புது பேட்டரிக்கு இரண்டு அளவுகளையும் எழுதுகிறேன்: காலையில் நின்ற வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது இறங்கும் வோல்டேஜ். 12.4க்குக் கீழே போனால் சார்ஜர் போட்டுவிடுவேன். குறைந்த சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் பிளேட்களில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு என்ன ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. 4 ஆம்பியர் சார்ஜரை ராத்திரி போட்டால் காலைக்குள் ஏறிவிடுகிறது. கழற்றிய பிறகு சில மணி நேரம் விட்டுத்தான் மறுபடி அளக்கிறேன்.